எரிந்தது போக மிஞ்சுவது: எண்ணூர் அனல்மின் நிலையங்களும் சாம்பல் கணக்கும்

விறகடுப்பில் சமைத்த வீடுகளில் சாம்பல் ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. ஒரு கட்டு விறகு எரிந்து முடிந்தால் இரண்டு கை சாம்பல் மிஞ்சும். பாத்திரம் துலக்கவும் கத்திரிச் செடிக்குத் தூவவும் அதுவே பத்தாமல் போகும். விறகில் சாம்பலாக நிற்கும் பொருள் நூற்றுக்கு ஒரு பங்கோ இரண்டு பங்கோதான். அந்தக் கணக்கை எண்ணூருக்கு எடுத்துக்கொண்டு போனால் ஒன்றும் புரியாது. அங்கே எரிக்கப்படும் நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை சாம்பல். மூன்று மூட்டை போட்டு எரித்தால் ஒரு மூட்டைக்கு மேல் சாம்பலாகவே மிஞ்சும்.

அனல்மின் நிலையம் என்றால் பாய்லர், டர்பைன், வானைத் தொடும் புகைபோக்கி என்றுதான் பேசுகிறோம். எனக்குத் தோன்றுவது வேறு. இந்தியாவில் ஓர் அனல்மின் நிலையம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது, ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது, ஏன் அடிக்கடி நின்றுபோகிறது, சுற்றியிருப்பவர்கள் ஏன் கோபமாக இருக்கிறார்கள் என்ற எல்லாக் கேள்விக்கும் சாம்பலைப் பின்தொடர்ந்து போனால் பதில் கிடைக்கிறது. எண்ணூரில் அந்தப் பாதை கண்ணுக்கு நேராகவே தெரியும்.

முதலில் இடத்தின் கதை. தமிழ்நாடு மின்சாரத்துக்கு முதலில் நம்பியது மலையில் இருந்து விழும் தண்ணீரை. பைக்காரா 1932-ல் வந்தது, மேட்டூர் 1937-ல், அப்புறம் குந்தா. மழை பொய்த்தால் மின்வெட்டு. சென்னைக்குள் பேசின் பிரிட்ஜில் ஒரு நிலக்கரி மின்நிலையம் இருந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி மின்நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கியது. ஆனாலும் வளர்ந்துகொண்டே போன சென்னைக்கும் அதன் வடக்கே முளைத்த ஆலைகளுக்கும் அது போதவில்லை. அப்படித்தான் மின்வாரியம் எண்ணூருக்கு வந்தது. முதல் 60 மெகாவாட் அலகு 1970 மார்ச்சில் ஓடியது. 1975 முடிவதற்குள் 60 மெகாவாட்டில் இரண்டும் 110 மெகாவாட்டில் மூன்றுமாக ஐந்து அலகுகள், மொத்தம் 450 மெகாவாட்.

எண்ணூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் உண்டு. குளிர்விக்கக் கடல்நீர் இருந்தது. நிலக்கரி வர வடக்கு ரயில்பாதை இருந்தது. மின்சாரத்தை வாங்கிக்கொள்ள நகரம் பக்கத்திலேயே இருந்தது. இன்னொன்று, கோப்புகளில் தரிசு, புறம்போக்கு என்று எழுதப்பட்ட பரந்த நிலம் இருந்தது. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கடலும் சந்திக்கும் அந்த உப்பங்கழி, காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மக்களுக்கு வயல் மாதிரி. இறால், நண்டு, மடவை, கிழங்கான் என்று அன்றாட வருமானம் அந்தச் சேற்றில் இருந்துதான் வந்தது. சாம்பலைக் கொட்ட எங்கே இடம் என்ற கேள்வி எழுந்தபோது பதிலாகத் தெரிந்ததும் அதே சதுப்புதான்.

முதல் நிலையம் வந்தபின் மற்றவை வரிசையாக வந்தன. கழியின் வடகரையில், அத்திப்பட்டுப் பக்கம், வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று 210 மெகாவாட் அலகுகள் 1994 முதல் 1996-க்குள் ஓடத் தொடங்கின. அதற்கென்றே கட்டியதுபோல எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது. இன்று அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர். நிலக்கரியைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கி, தூசு ராயபுரம் வீடுகளுக்குள் பறந்துகொண்டிருந்ததற்கு அது மாற்று வழி என்றார்கள். அந்தத் தூசு உண்மையில் நின்றது 2011 அக்டோபரில், சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகுதான். வடசென்னையின் இரண்டாம் கட்டமாக 600 மெகாவாட்டில் இரண்டு அலகுகள் சேர்ந்தன. வல்லூரில் மத்திய அரசின் மின் நிறுவனமான என்டிபிசியும் மின்வாரியமும் கூட்டாக 500 மெகாவாட்டில் மூன்று கட்டின. 2024 மார்ச்சில் 800 மெகாவாட் அலகு ஒன்று திறக்கப்பட்டது. பழைய எண்ணூர் நிலையம் வயதாகி 2017-ல் மூடப்பட்டதைக் கழித்தாலும், ஒரு கழியைச் சுற்றி 4,130 மெகாவாட் நிற்கிறது.

சரி, இந்த நிலக்கரியில் மட்டும் ஏன் இவ்வளவு சாம்பல்? ஐரோப்பாவின் பழைய நிலக்கரி பெரும்பாலும் சதுப்புக்காடுகள் நின்ற இடத்திலேயே புதைந்து உருவானது. நம்முடைய கோண்டுவானா நிலக்கரி சுமார் 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. ஆறுகள் மரம் செடிகளை வண்டலோடு சேர்த்து அடித்துக்கொண்டு வந்து படிய வைத்ததால் களிமண்ணும் நுண்மணலும் அதில் இழைந்து கிடக்கின்றன என்பது புவியியலாளர் பலரின் விளக்கம். அரிசியில் கல் கலந்தால் பொறுக்கி எடுத்துவிடலாம். மாவில் மணல் கலந்தால் என்ன செய்வது? அந்த நிலைமைதான் இங்கே. கழுவினால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது.

கழுவித்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி இருக்கவே செய்தது. சுரங்கத்தில் இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மின்நிலையங்கள் 34 சதவீதத்துக்கு மேல் சாம்பல் உள்ள கரியை எரிக்கக்கூடாது என்று 1997-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்தது. பிறகு அந்தத் தூரம் 500 கிலோமீட்டர் என்று இறுக்கப்பட்டது. 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், அந்தக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். சாம்பலைக் கடைசியில் ஒழுங்காகக் கையாண்டால் போதும், முதலிலேயே குறைக்க வேண்டியதில்லை என்பது அதற்குச் சொன்ன நியாயம். எண்ணூர் போன்ற தூரத்து ஊர்களுக்கு இது தவறான முடிவு என்றே நினைக்கிறேன். ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி ரயிலில் பாராதீப் போய், அங்கிருந்து கப்பலில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் வருகிறது. வரும் வழியெல்லாம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரியாத மண்ணுக்குத்தான் ரயில் வாடகையும் கப்பல் வாடகையும். பூம்புகார் கப்பல் கழகம் இந்த வேலைக்காகவே நடத்திய தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்ற கப்பல்களின் வயிற்றிலும் அந்த மண்தான் கரியோடு கலந்து வந்தது.

இனி ஒரே ஒரு 210 மெகாவாட் அலகை எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 50 லட்சம் யூனிட் மின்சாரம். நம் கரியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் ஆகும். அப்படியென்றால் நாளொன்றுக்கு 3,500 டன். ஒரு முழு சரக்கு ரயில், 58 வேகன் கொள்ளும் அளவு. மாலையில் மிஞ்சும் சாம்பல் 1,200, 1,300 டன். இறக்குமதிக் கரி கலந்தால் இது குறையும். ஆனாலும் கழியைச் சுற்றி இருப்பது இப்படிப்பட்ட அலகுகள் இருபதுக்குச் சமம் என்பதை மறக்கக்கூடாது.

கரி உள்ளே போனதும் முதல் வேலை அரைப்பது. மில் என்று சொல்லும் பெரிய உருளை எந்திரங்கள் அதை முகத்தில் பூசும் பவுடர் அளவுக்கு நொறுக்குகின்றன. சூடான காற்று அந்தத் தூளை ஊதி பாய்லருக்குள் தள்ளுகிறது. அடுப்பின் மூலைகளில் இருந்து தூள் பாயும்போது நடுவில் ஒரு நெருப்புப் பந்து சுழலும். அங்கே வெப்பம் 1,300 டிகிரிக்கு மேல். சுவர் முழுக்கக் குழாய்கள், அவற்றுக்குள் தண்ணீர். ஐம்பது மீட்டருக்கு மேல் உயரமான இந்த பாய்லர் தரையில் உட்கார்ந்திருக்காது. உச்சியில் உள்ள இரும்பு உத்தரங்களில் இருந்து தொங்கும். சூடேறும்போது நீளும் அல்லவா, கீழ்நோக்கி நீளட்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். நீராவி 540 டிகிரியில், காரின் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போல எழுபது மடங்கு அழுத்தத்தில் டர்பைனுக்குப் போகிறது. டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று. வினாடிக்கு 50 சுற்று என்பதால்தான் நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வேலை முடித்த நீராவியைக் கடல்நீர் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்குகிறது. கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மீதியில் பெரும்பகுதி இந்தக் குளிர்நீர் வழியாக வெந்நீராய் வெளியே போகும். எந்த நாட்டு அனல்மின் நிலையத்துக்கும் பொதுவான கதைதான் இது.

நம்முடைய கதை வேறாவது அந்தக் குழாய்களிடையே. நம் சாம்பலில் சிலிக்கா அதிகம், அதாவது மணல். டன் கணக்கில் நுண்மணல் வேகமாக வீசும் காற்றில் இரவு பகலாகக் குழாய்களை உரசிக்கொண்டே போகிறது. உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது போல. அதனால் குழாய்களை நெருக்கமாக வைக்க முடியாது. இடைவெளி விட்டு, காற்றின் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதே மெகாவாட்டுக்கு பாய்லரைப் பெரிதாகக் கட்ட வேண்டும். அப்படியும் எங்கோ ஒரு குழாய் தேய்ந்து ஊசித்துளை விழும். ‘டியூப் லீக்’ என்ற சொல்லைக் கேட்காமல் எந்த அனல்மின் நிலையத்திலும் ஒரு பருவம் கழியாது. அந்தத் துளையில் இருந்து வரும் நீராவி கண்ணுக்குத் தெரியாது, சீறும் சத்தம் மட்டும் கேட்கும். கத்தி மாதிரி பக்கத்துக் குழாயையும் அறுத்துவிடும். தாமதித்தால் ஒன்று நாலாகும் என்பதால் அலகை நிறுத்தியே ஆக வேண்டும். பாய்லர் ஆறும் வரை காத்திருந்து, உள்ளே சாரம் கட்டி, இடுக்கில் படுத்தபடி வெல்டிங் செய்து, சோதித்து, மறுபடி எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்து அலகைக் கொண்டுவர இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். “வடசென்னையில் ஓர் அலகில் உற்பத்தி பாதிப்பு, கொதிகலன் குழாயில் கசிவு” என்று செய்தித்தாளில் நாலு வரி வரும். அந்த நாலு வரிக்குப் பின்னால் புழுக்கத்தில் வெந்தபடி ஷிப்ட் மாற்றி ஷிப்ட் வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

சாம்பல் இரண்டாகப் பிரியும். ஐந்தில் ஒரு பங்கு கட்டியாகி அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் விழும். அதை நொறுக்கி எடுப்பார்கள். மீதி நாலு பங்கு புகையோடு பறக்கும். அதைப் பிடிப்பது ஈஎஸ்பி, அதாவது மின்னேற்றத்தால் தூசைப் பிடிக்கும் கருவி. வரிசை வரிசையாக உயரமான இரும்புத் தகடுகள், நடுவே கம்பிகள், கம்பியில் பல்லாயிரம் வோல்ட். தூசு மின்னேற்றம் பெற்றுத் தகட்டில் ஒட்டும். சம்மட்டி தட்டத் தட்ட, ஒட்டியது பாளம் பாளமாகக் கீழே விழும். இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. நம் கரியில் கந்தகம் குறைவு, அரை சதவீத அளவில். நல்ல செய்திதானே என்று தோன்றும். ஆனால் புகையில் உள்ள கந்தக வாயுவில் கொஞ்சம் சாம்பல்மேல் படிந்தால்தான் அது மின்சாரத்தை எளிதாக ஏற்று இறக்கும். கந்தகம் இல்லாத சாம்பல் முரண்டு பிடிக்கும். ஆகவே அதே வேலைக்கு நமக்கு இன்னும் பெரிய ஈஎஸ்பி வேண்டும். வெளிநாட்டுக் கரிக்கு எழுதிய கணக்கு இங்கே செல்லாது.

நூற்றுக்கு 99 பங்கு பிடித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். ஒரு 210 மெகாவாட் அலகில் பறக்கும் சாம்பல் நாளுக்கு ஆயிரம் டன் என்றால், தப்பிப்போகும் ஒரு பங்கு பத்து டன். ஒரு லாரி சாம்பலைக் காற்றில் விடுவதற்குச் சமம். சம்மட்டி பழுதானாலோ ஒரு வரிசைக்கு மின்சாரம் போகாமல் இருந்தாலோ அது இரட்டிப்பாகும். காற்று வீசும் திசையில் உள்ள குடியிருப்புகளில் மொட்டைமாடியில் துணி காயப்போடுபவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கவே தேவையில்லை. 2015 டிசம்பரில் வந்த விதிகள் 2003-க்கு முந்தைய அலகுகளுக்கு ஒரு கனமீட்டருக்கு 100 மில்லிகிராம், அதற்குப் பிந்தையவற்றுக்கு 50, 2017 முதல் வருபவற்றுக்கு 30 என்று வரம்பு கட்டின. எண்ணூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் சுவாசிப்பது ஒரு புகைபோக்கியின் புகையை அல்ல, பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் பல புகைபோக்கிகளின் கூட்டுப் புகையை. வரம்பு என்னவோ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான்.

பிடித்த சாம்பலை என்ன செய்வது? உலர்வாக எடுத்து மூடிய சேமிப்புக் கலனில் வைத்து சிமென்ட் ஆலைக்கு அனுப்பலாம். ஆனால் பழைய நிலையங்கள் கட்டப்பட்ட காலத்தில் வேறு வழி மலிவாக இருந்தது. தண்ணீரில் கரைத்துக் குழாயில் ஓடவிடுவது. கரையோர நிலையங்களில் அந்தத் தண்ணீரும் கடல்நீர்தான், காசில்லாமல் கிடைக்கும். ஒரு பங்கு சாம்பலுக்குப் பல பங்கு உப்புநீர். வடசென்னையில் அந்தக் கூழ் பல கிலோமீட்டர் நீளக் குழாய்களில், கொசஸ்தலையாற்றையும் அதன் சதுப்பையும் தாண்டி, செப்பாக்கத்தில் உள்ள ஆயிரம் ஏக்கர் அளவிலான சாம்பல் குட்டைக்குப் போனது.

அந்தக் குழாயைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே ஓடும் கூழில் கனமான துகள்கள் அடியில் உருண்டு போகும். எனவே குழாயின் மேல்பாதி புதுசாகவே இருக்க, அடிப்பாதி மட்டும் தேய்ந்துகொண்டே வரும். இதற்கு ஒரு எளிய வைத்தியம் உண்டு. குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை இணைப்பைக் கழற்றிக் குழாயைக் கால் சுற்றோ மூன்றில் ஒரு சுற்றோ திருப்பி வைப்பார்கள். தேயாத பக்கம் கீழே வரும். இப்படித் திருப்பித் திருப்பி ஆயுளை நீட்டலாம், அப்புறம் மாற்றிவிட வேண்டும். திருப்பாமல், மாற்றாமல் விட்டால், உள்ளே தேய்மானமும் வெளியே உப்புக்காற்றின் துருவும் சேர்ந்து பொத்துவிடும். எண்ணூரில் பல ஆண்டுகளாக நடந்தது அதுதான். ஆற்றின் மேலேயே குழாய் பொத்து, சாம்பல் கூழ் பீய்ச்சி அடித்து, ஆற்றுப்படுகையில் படிந்தது. ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி பொத்தது.

ஆற்றுக்குள் விழுந்த இந்தச் சாம்பல் அடுப்புச் சாம்பல் போலக் கரைந்து போகாது. பாய்லரின் சூட்டில் உருகிய களிமண் பறக்கும்போதே ஆறி, கண்ணாடி உருண்டைகளாகிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு துகளும் அழகான கோலி குண்டு. சில உள்ளீடற்றவை. அவை தண்ணீரில் மிதக்கும், அவற்றைத் தனியாக வழித்தெடுத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். மற்றவை மூழ்கிப் படுகையை மூடும். இந்தக் கழியில் இறாலைக் கையால் தடவிப் பிடிக்கும் வழக்கம் உண்டு. இருளர் பெண்கள் மார்பளவு தண்ணீரில் குனிந்து, பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். சேறு இளக்கமாக இருந்தால்தான் இறால் அதில் பதுங்கும், கையும் உள்ளே போகும். சாம்பல் படிந்த இடத்தில் சேறு இறுகித் தட்டையாகிவிடுகிறது. கை வழுக்கிக்கொண்டு போகும், பதுங்க இடமில்லாத இறால் அங்கே வராது. ஆற்றின் ஆழமும் குறைந்து, இறக்கத்தில் படகு தட்டுகிறது. குட்டையை ஒட்டிய செப்பாக்கத்தில் கடல்நீர்க் கூழின் உப்பு நிலத்தடி நீரில் இறங்கிவிட்டது. வேனிலில் குட்டை காய்ந்தால் சாம்பல் வீட்டுக்குள் பறக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தங்களை வேறு இடத்தில் குடியமர்த்தச் சொல்லிக் கேட்டதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இத்தனைக்கும் இதே சாம்பலுக்கு விலை உண்டு. சுண்ணாம்போடு சேர்ந்தால் கல்லாக இறுகும் குணம் அதற்கு இருக்கிறது. கடையில் வாங்கும் பிபிசி (போர்ட்லேண்ட் பொஸோலானா) சிமென்டில் 15 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல்தான். செங்கல்லுக்குப் பதில் சாம்பல் கல் வைத்துக் கட்டிய வீடுகள் சென்னையைச் சுற்றி நிறையவே இருக்கின்றன. ஆனால் சிமென்ட்காரர் கேட்பது ஈஎஸ்பியில் இருந்து நேராக வரும் உலர் சாம்பலை. கடல்நீரில் கரைத்துக் குட்டையில் விட்டதை அவர் தொடமாட்டார், உப்பு கம்பியை அரித்துவிடும். காசில்லாமல் கிடைத்த கடல்நீர், விற்கக்கூடிய பொருளை விற்க முடியாத பொருளாக்கிவிட்டது. எண்ணூரில் என்னை மிகவும் வருத்தும் விஷயம் இதுதான். சாம்பலைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற மத்திய அறிவிக்கை 1999 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் குழாய்களும் குட்டையும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

2021 டிசம்பர் கடைசி நாளில் வந்த அறிவிக்கை, முழுச் சாம்பலையும் பயன்படுத்த வேண்டும், தவறினால் டன்னுக்கு இவ்வளவு என்று அபராதம் கட்ட வேண்டும் என்கிறது. குட்டைகளில் ஏற்கெனவே கிடக்கும் பழைய சாம்பலையும் பத்து ஆண்டுக்குள் தீர்க்கச் சொல்கிறது. எண்ணூரைப் பொறுத்தவரை, குழாய்களை மாற்றுவது, ஆற்றில் படிந்ததை அள்ளுவது, சதுப்பை மீட்பது பற்றி தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-ல் உத்தரவிட்டது. அந்த வழக்கைக் கடைசிவரை விடாமல் நடத்தியவர்கள் மீனவர்கள். குட்டையில் உள்ளதை லாரிக் கணக்கில் எண்ணி அனுப்பிவிடலாம். ஆற்றுப்படுகையில் கிடப்பது அப்படியல்ல. அலையாத்தி வேர்களுக்கிடையே, ஆளிப் படுகைகளின்மேல், இரண்டடி மூன்றடி தண்ணீருக்குக் கீழே பரவிக் கிடப்பதைச் சேற்றோடு சேர்த்து அள்ளினால் மிச்சமிருக்கும் உயிர்களும் அதோடு போய்விடும். இடம் பார்த்து, கை வைத்துத் தடவிப் பழகியவர்களைக் கூட வைத்துக்கொண்டுதான் அதைச் செய்ய முடியும்.

மூடிய பழைய எண்ணூர் நிலையத்தின் இடத்தில் 660 மெகாவாட் அலகு ஒன்று கட்டும் திட்டம் பாதியில் நின்று கிடக்கிறது. அதை மறுபடி தொடங்கும் பேச்சு எழும்போதெல்லாம் எத்தனை மெகாவாட், எத்தனை கோடி என்பது முதலில் வருகிறது. அங்குள்ளவர்கள் கேட்பது வேறு. சாம்பல் உலர்வாகப் போகுமா, குழாயில் போகுமா? எந்தச் சாலை வழியாக, எத்தனை லாரி? ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை இறங்கினால் கொசஸ்தலையாறு பூண்டியில் இருந்து வெள்ளத்தோடு வரும். அதற்குள் சதுப்பின் குறுக்கே போகும் பழைய குழாய்களைத் திருப்பி வைத்தார்களா, மாற்றினார்களா என்று காட்டுக்குப்பத்துக்காரர்கள் ஒவ்வோர் ஆண்டும் படகில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.